காலையில் வரும் அறை

"அத்தான், பேய்க்கு ஆபீஸ் நேரம் உண்டா?"

கேட்டவன் ரேடியோ. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஒருமுறை திறந்தால் மூடத் தெரியாத அவன் வாயைப் பார்த்துத் தெருவே கூடி வைத்த பெயர் இது. வயது முப்பதைத் தாண்டிவிட்டது, இனி மாறப்போவதும் இல்லை. அவனுடைய அக்காவைக் கட்டியவர்தான் துப்பறிவாளர். வீடு தீப்பிடித்தாலும் கையிலிருக்கும் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாளியைத் தேடுவார் என்பதால் அவருக்கு நிதானம் என்று பெயர். போலீஸ்காரர்கள்கூட 'நிதானம் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஏன் கேக்கறே மாப்ளே?"

"இந்தம்மா சொல்ற பேய் காலையில ஆபீஸ் திறந்ததும் வருது. சாயங்காலம் மூடும்போது போயிடுது. ஞாயித்துக்கிழமை லீவு. என்னைவிட ஒழுங்கா வேலைக்கு வருதே, அதான்."

"வாயை மூடுடா," என்ற நிதானம், எதிரே இருந்தவளிடம் திரும்பினார். "மனசுல வெச்சுக்காதீங்கம்மா. இவனுக்குப் பயம் வந்தா பேச்சு ஜாஸ்தியாகும்."

பயந்தது உண்மைதான். அந்த ஆபீசே அப்படி இருந்தது. மாடியில் நீளமான ஒரே அறை. சுவர் முழுக்க வீடுகளின் படங்கள். எல்லாமே ஆளில்லாத வீடுகள், விரிசல் விட்ட சுவர்கள், கதவு கழற்றிய வாசல்கள். பழைய கட்டடங்களை இடிப்பதற்கு முன்னால் அறை அறையாக அளந்து, படம் பிடித்து, எங்கே என்ன பழுது என்று எழுதித் தருவதுதான் இவர்கள் தொழில். செத்துப்போகப் போகிறவர்களுக்குக் கடைசிப் போட்டோ எடுக்கிற இடம் மாதிரி இருக்கிறதே என்று சொல்ல ரேடியோவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. எதிரே இருந்தவள் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டான்.

அவள் இந்த ஆபீஸ் சர்வேயரின் மனைவி. இரண்டு மாதத்துக்கு முன்னால் சர்வேயர் ஒரு பெரிய பங்களாவை அளக்கப் போனார். திரும்பி வரவில்லை. அவருடைய பைக் பஸ் ஸ்டாண்டு வாசலில் கிடைத்தது. அவ்வளவுதான், ஊர் வாய் திறந்துகொண்டது. யாரோ ஒருத்தியோடு ஓடிவிட்டார் என்றார்கள். போலீசும் அப்படியே எழுதிக்கொண்டு கதையை முடித்தது. ஆபீஸ் முதலாளி இரக்கப்பட்டுக் கணவனுடைய நாற்காலியிலேயே அவளுக்கு டைப் அடிக்கிற வேலை போட்டுக் கொடுத்திருந்தார்.

"ஊர் என்ன வேணா பேசட்டும் சார்," என்றாள். "என் மாமியார் பேசினதுதான் தாங்கல. 'நீ படுத்தின பாட்டுலதான் என் பையன் ஓடிட்டான்'னு ஒரே வார்த்தை. அன்னையிலேருந்து என் முகத்துல முழிக்கறதில்ல, ஃபோனையும் எடுக்கறதில்ல. அவங்களும் நானும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க சார். அவர் செத்துட்டார்னு சொல்லுங்க, அழுதுட்டு எழுந்திருப்பேன். ஓடிட்டார்னு மட்டும் சொல்லாதீங்க. அதை வெச்சுக்கிட்டு என்னால ஒரு நாள்கூட நிமிர முடியல. நாளைக்குக் காலையில அந்த பங்களாவையும் இடிக்கறாங்க. அதுக்கப்புறம் தேட எதுவுமே இருக்காது."

"பேயைக் காட்டுங்கம்மா," என்றார் நிதானம் மெதுவாக.

அவள் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினாள். 'பங்களா' என்று ஒரு ஃபோல்டர். அதைத் திறந்தால் 'முன் ஹால்'. ஹாலுக்குள்ளே நாலு சுவருக்கும் நாலு ஃபோல்டர், கூடவே 'சாப்பாட்டு அறை'. அதற்குள்ளும் நாலு சுவர், கூடவே 'ஸ்டோர் ரூம்'. அதற்குள்ளும் நாலு சுவர். ஐந்தாவதாக 'சின்ன அறை'.

சின்ன அறையை அவள் திறந்தாள். வெள்ளைத் திரை. ஒன்றுமே இல்லை.

"நேத்து சாயங்காலம் நான் கிளம்பும்போது பாத்தேன். இந்தச் சின்ன அறை இல்ல. இப்ப இருக்கு. தினமும் இப்படித்தான். இந்த ஃபோல்டர் போடுறதெல்லாம் அவர் வேலை சார். எனக்கு ஏதோ காட்டுறார். உள்ள ஏதாவது வெச்சிருப்பாரோன்னு தினமும் திறந்து பாக்கறேன்."

ரேடியோ நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். ஆனால் அவன் கல்யாணத்துக்கு முன்பு ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவன். பயம் ஒரு பக்கம் இருக்க, கை தானாகக் கீபோர்டுக்குப் போயிற்று.

"மிஷினைப் போட்டதும் ஏதாவது தெரியுமா அக்கா?"

"ஒரு கறுப்பு ஜன்னல் வந்து, கண் சிமிட்டறதுக்குள்ள மறைஞ்சிடும்."

"பிடிச்சேன்!" என்றான் ரேடியோ. தலையைச் சொறிந்தான், தட்டினான், தேடினான். நிதானம் பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி, ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடிப்பதற்குள் ரேடியோ நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான்.

"அத்தான், பேயோட பூர்வீகம் தெரிஞ்சுபோச்சு. ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அதாவது மிஷினுக்கு எழுதி வெச்ச கட்டளை. மிஷின் போட்டதும் தானா ஓடுது. இங்க பாருங்க, இது எக்ஸ்எம்எல் ஃபைல். அறைக்கு அறை ஒரு திறப்புக் குறி, ஒரு மூடல் குறி. ரெண்டுக்கும் நடுவுல எது எழுதியிருக்கோ அது அந்த அறைக்குள்ள இருக்குன்னு அர்த்தம். ஸ்கிரிப்ட் இதை மேலேருந்து படிச்சுக்கிட்டே வரும். திறப்பைப் பாத்தா ஒரு ஃபோல்டர் போட்டு அதுக்குள்ள நுழையும். மூடலைப் பாத்தா வெளியே வந்துடும். ஃபோல்டர் ஏற்கெனவே இருந்தா தொடாது, இல்லாட்டி புதுசா போடும். அவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்சது. சின்ன அறை இந்த ஃபைல்ல இருக்கு, அதனால தினமும் காலையில பொறக்குது. அக்கா சுவிட்சைப் போடறாங்க, பேய் எழுந்திருக்குது!"

பெருமையாகத் திரும்பிப் பார்த்தவனுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"அப்ப அவர் வரலியா?" என்றாள். "பேயாவது வருதேன்னு இருந்தேன்."

ரேடியோ தன் வாயைத் தானே சபித்துக்கொண்டான். நிதானம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அழாதீங்கம்மா. காலையில வர்றதுக்குக் காரணம் சொல்லிட்டான். சாயங்காலம் போறதுக்குச் சொல்லலியே? ஸ்கிரிப்ட்டுக்குப் போடத்தான் தெரியும், அழிக்கத் தெரியாதுன்னு அவன் வாயாலதான் சொன்னான். அப்ப தினமும் சாயங்காலம் இதை அழிக்கறது ஒரு ஆளு. உயிரோட இருக்கற ஆளு. பேயை விடுங்க, பேயை விரட்டறவன் யாருன்னு பாப்போம். இந்த மிஷினைத் தொடறது யார் யாரு?"

"நான், முதலாளி, கேமராக்காரர். வேற யாரும் இல்ல."

"ஒரு அறைக்குள்ள இன்னொரு அறைன்னு எழுதறாங்களே, அது எப்படி? மாடி, கீழ்த்தளம்னுதானே பிரிப்பாங்க?"

"இங்க அப்படி இல்ல சார். எந்த அறை வழியா நுழையறோமோ அதுக்குள்ளதான் அடுத்த அறை. கதவுதான் கணக்கு. அவர் ஒரு அறையில காலை வெச்சு, அளந்து முடிச்சு, அங்கேருந்தே ஃபோன்ல எழுதி அனுப்பிட்டுத்தான் அடுத்த கதவைத் திறப்பார். வீட்லகூடக் கிண்டல் பண்ணுவார். நம்ம சமையல்கட்டு ஹாலுக்குள்ள இருக்கு, நீ சமையல்கட்டுக்குள்ள இருக்கேன்னு."

"அப்படின்னா ஸ்டோர் ரூம்ல ஒரு கதவு இருக்கணும்," என்றார் நிதானம். அந்த ஃபைலை அப்படியே ஒரு தாளில் அச்செடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

முதலாளி வந்தார். வாய் நிறையப் பேச்சு, பேச்சு நிறைய இரக்கம். "தங்கச்சிக்கு வேண்டப்பட்டவங்களா? தாராளமா தேடுங்க சார். நானும் தேடாத இடமில்ல. தங்கமான மனுஷன், புத்தி ஏன் அப்படிப் போச்சோ," என்று உச்சுக்கொட்டினார்.

"இந்த ஃபோல்டர்லாம் யார் சார் போடறாங்க? அழகா அடுக்கியிருக்கே," என்றார் நிதானம், வெகுளியாக.

"அதெல்லாம் பசங்க பாத்துக்கறாங்க. எனக்குத் திறக்கத் தெரியும், பாக்கத் தெரியும், வேண்டாததைக் குப்பையில தள்ளத் தெரியும். அதுக்கு மேல கேட்டீங்கன்னா முழிப்பேன்." சிரித்தார்.

"பங்களாவை ஒரு தடவை பாக்கலாமா?"

சிரிப்பு அப்படியே நின்றது. "நாளைக்கு இடிக்கற வீடு சார். கூரையெல்லாம் மோசம். உள்ள யாரையும் விடக்கூடாதுன்னு வீட்டுக்காரங்க உத்தரவு. சாவியும் என்கிட்ட இல்ல." சொல்லிவிட்டுத் தன் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்து வந்தவர் கேமராக்காரர். ஒல்லி, கூனல் முதுகு, தோளில் பை. வாசலிலேயே நின்று, "வணக்கம் அண்ணி," என்றார், தரையைப் பார்த்து.

நிதானம் அதே கேள்வியை அவரிடமும் கேட்டார்.

"அது தானா வரும் சார். அண்ணன் அனுப்புற ஃபைல்ல அறை இருந்தா காலையில ஃபோல்டர் இருக்கும். ஒரு அறை வேண்டாம்னா அந்த வரியை எடுத்துட்டா போதும். எல்லாம் ரெடியா இருக்கும், நான் போட்டோவைக் கொண்டுவந்து போடுவேன்."

"சின்ன அறையை மட்டும் போட்டோ எடுக்கலியே?"

கேமராக்காரர் லென்ஸ் மூடியைத் திருகினார். திரும்பத் திருகினார். "அங்க அப்படி ஒரு அறை இல்ல சார். அண்ணன் தவறிப்போய் எழுதியிருப்பார்."

"அவரா?" என்றாள் மனைவி. "தவறியா?"

கேமராக்காரர் லென்ஸைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார். ஆனால் நிதானமும் ரேடியோவும் படியிறங்கும்போது பின்னாலேயே ஓடிவந்தார். ரேடியோவின் கையைப் பிடித்து எதையோ திணித்தார். சாவி.

"என்கிட்டதான் இருந்துச்சு. முதலாளிக்குத் தெரிய வேண்டாம். இன்னைக்கே பாத்துடுங்க சார்," என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார்.

"என்ன அத்தான் இது? ஒருத்தர் சாவி இல்லேங்கறார், இன்னொருத்தர் அறை இல்லேங்கறார், ஆனா சாவியைக் குடுக்கறார்!"

"அதைத்தான் நானும் பாக்கறேன்," என்றார் நிதானம்.

வீட்டுச் சொந்தக்காரர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நிதானம் பிடிவாதம் பிடித்ததில், பங்களாவுக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பாருங்கள் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். யாரையும் விடக்கூடாது என்று யாரும் உத்தரவு போட்டதில்லையாம்.

வேலிக்கு உள்ளே இடிக்கிற மிஷின் வந்து நின்றுகொண்டிருந்தது. ஆள் இல்லை. கதவைத் திறந்ததும் உள்ளிருந்து ஈர வாடை வந்தது, மூடி வைத்த பெட்டியைத் திறந்தது போல. வீட்டைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போயிருந்தார்கள். விளக்கு இல்லை, மின்விசிறி இல்லை, ஜன்னல் கண்ணாடிகூட இல்லை. இவர்கள் நடக்கிற சத்தம் மட்டும் அடுத்த அறைக்கு முன்னாலேயே போய்க் காத்திருந்தது.

நிதானம் அச்செடுத்த தாளைப் பிரித்தார். "முன் ஹால். வலது கைப்பக்கச் சுவர், மேலேருந்து கீழே விரிசல். இருக்கு. அடுத்த சுவர், ஜன்னலுக்குக் கீழே ஈரம். இருக்கு. மனுஷன் என்னமா எழுதியிருக்கார் பாத்தியா. எந்த அறையா இருந்தாலும் வலது கைப்பக்கம் தொடங்கி ஒரு சுத்து, நாலு சுவர், அப்புறம்தான் அடுத்த கதவு."

"அத்தான், மெதுவா படிங்க. பதில் வந்துடப் போகுது."

சாப்பாட்டு அறை. அதுவும் தாளில் உள்ளபடியே இருந்தது. காணாமல் போன ஒருவர் கையைப் பிடித்து அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி ரேடியோவுக்குத் தோன்றியது. இதே வாசலில் அவர் காலை வைத்தார், இதே சுவரைத் தடவினார், பிறகு என்ன ஆனார்? திரும்பி ஓடிவிடலாமா என்று யோசித்தான். தனியாக ஓடுவது இன்னும் பயமாக இருந்தது.

ஸ்டோர் ரூம் ஜன்னல் இல்லாத அறை. டார்ச் அடித்தார்கள். வெறும் அறை. கதவு எதுவும் இல்லை. பின்சுவரில் சாய்ந்து ஆளுயரத்துக்கு மேல் ஒரு மர பீரோ மட்டும் நின்றது.

"கதவு இல்ல. போலாம்," என்றான் ரேடியோ உடனே.

"இரு. ஜன்னல் கண்ணாடியைக்கூட விடாம எடுத்துட்டுப் போனவங்க இதை மட்டும் ஏன் விட்டாங்க?"

ரேடியோ டார்ச்சைத் தரைக்குத் திருப்பினான். சாப்பாட்டு அறையிலிருந்து வந்து, வாசலைத் தாண்டி, பீரோவின் காலடி வரைக்கும் தரையில் இரண்டு கீறல். அவன் பீரோவில் தோளைக் கொடுத்துத் தள்ளினான். முகம் சிவந்ததே தவிர அது அசையவில்லை. நிதானமும் வந்து கை கொடுத்தார். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துத் தள்ளியதும் பீரோ முனகிக்கொண்டே நகர்ந்தது.

"ரெண்டு ஆள் வேணும்," என்றார் நிதானம், மூச்சு வாங்க. "அதைக் குறிச்சுக்க."

பீரோவுக்குப் பின்னால் சுவர் இருந்தது. ஆனால் அந்த வீட்டுச் சுவர்களெல்லாம் பாசி பிடித்துக் கறுத்திருக்க, அங்கே மட்டும் ஒரு கதவளவுக்குச் சாம்பல் நிறத்தில் புத்தம் புதிய சிமெண்ட் பூச்சு. பூசிய கை அவசரத்தில் பூசியிருந்தது.

ரேடியோ இரண்டடி பின்னால் நகர்ந்தான். "அத்தான்... அவர் உள்ளதான்..."

நிதானம் பூச்சின் மேல் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. பிறகு ஃபோனை எடுத்து இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார். "ஒரு ஜீப் இங்க, ஒரு ஜீப் அந்த ஆபீசுக்கு. முதலாளியைக் கிளம்ப விடாதீங்க," என்று மட்டும் சொன்னார்.

"முதலாளியா? எப்படிச் சொல்றீங்க?"

"தினமும் சாயங்காலம் அழிக்கறவன் எப்பேர்ப்பட்டவன்? ஃபைல்ல அந்த ஒரு வரியை எடுத்துட்டு, அந்த ஃபோல்டரை ஒரு தடவை அழிச்சாப் போதும், ஜென்மத்துக்கும் வராது. அது தெரியாதவன்தான் தினமும் அழிப்பான். ஃபோல்டர் எங்கேருந்து முளைக்குதுன்னே அவனுக்குத் தெரியாது. கேமராக்காரருக்கு அது தெரியும், நம்மகிட்டயே சொன்னார். அந்தம்மா அதைத் தேடறவங்க, அழிக்க மாட்டாங்க. மிச்சம் முதலாளி ஒருத்தர்தான். பாவம், பேய்னே நம்பியிருப்பார்."

"சரி. ஆனா பீரோவுக்கு ரெண்டு ஆள் வேணுமே?"

"வேணும்," என்றார் நிதானம். பின்னால் கேட்ட காலடிச் சத்தத்தைக் கவனித்து, குரலை உயர்த்தாமலேயே, "அந்த ரெண்டாவது ஆள் சாப்பாட்டு அறை வரைக்கும் வந்துட்டார். உள்ள வாங்க சார்," என்றார்.

ரேடியோ துள்ளித் திரும்பினான். வாசலில் கேமராக்காரர் நின்றுகொண்டிருந்தார். தோளில் பை இல்லாமல் அவர் பாதியாகத் தெரிந்தார்.

"அடப்பாவி!" என்று பாய்ந்தான் ரேடியோ. நிதானம் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"பொறு மாப்ளே. முதல்ல ஒண்ணு சொல்லு. சின்ன அறையை யார் எழுதினதுன்னு நினைக்கறே?"

"சர்வேயர்தான். வேற யாரு?"

நிதானம் தாளை அவன் கையில் கொடுத்தார். "படி. ஹாலுக்கு நாலு சுவர். சாப்பாட்டு அறைக்கு நாலு சுவர். ஸ்டோருக்கு நாலு சுவர். சின்ன அறைக்கு?"

ரேடியோ பார்த்தான். திறப்புக் குறி. உடனே மூடல் குறி. நடுவில் ஒன்றுமில்லை.

"அளந்து முடிக்காம ஒரு வரி எழுதாத மனுஷன், சுவரே இல்லாத அறையை எழுதுவாரா? அவர் கடைசியா அனுப்பினது ஸ்டோர் ரூம் வரைக்கும்தான். சின்ன அறைக்குள்ள போனவருக்கு அதை எழுத நேரமே கிடைக்கல. இந்த வரியை எழுதினது வேற ஆளு. அறை இருக்குன்னு தெரிஞ்ச ஆளு, ஃபைல் எங்க இருக்குன்னும் தெரிஞ்ச ஆளு." நிதானம் கேமராக்காரரைப் பார்த்தார். "அழிக்கறவரைத் தேடித்தான் நாங்க வந்தோம். பேயே நீங்கதான், இல்லியா?"

கேமராக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மறுநாள் காலையில போட்டோ எடுக்க வந்தேன் சார். அந்தச் சின்ன அறையோட கூரை மொத்தமும் கீழ கிடந்துச்சு. அண்ணனோட கை மட்டும் வெளிய தெரிஞ்சுது. முதலாளிக்கு ஃபோன் பண்ணினேன், உடனே வந்துட்டார். முந்தின நாளே அண்ணன் அவர்கிட்ட சொல்லியிருக்கார் சார், கூரை நனைஞ்சு தொங்குது, உள்ள போக முடியாதுன்னு. முடிக்காம வெளிய வராதேன்னு இவர்தான் அதட்டியிருக்கார். வெளிய தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும், ஜெயிலுக்குப் போவேன்னு அழுதார். எப்படியும் இடிக்கற வீடுதானே, கல்லோட கல்லாப் போயிடும்னார். உனக்கும் வேலை போகும்னார். நான்... நானும் கூடச் சேர்ந்து கல் அடுக்கினேன். பூசினேன். பைக்கைக் கொண்டுபோய் விட்டதும் நான்தான்."

"அவர் உயிர் போயிடுச்சுன்னு நீங்க பாத்தீங்களா?" என்றார் நிதானம்.

"முதலாளி உள்ள போய்ப் பாத்துட்டு முடிஞ்சுபோச்சுன்னார்."

"நான் கேட்டது உங்களை."

கேமராக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே, "வாசல்லயே நின்னுட்டேன் சார். கிட்டப் போகல. 'அண்ணே'ன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டுக்கூடப் பாக்கல," என்றார்.

ரேடியோவால் அந்தப் பூச்சைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

"ராத்திரியெல்லாம் அதுதான் சார். கூப்பிட்டிருக்கலாமேன்னு. வெளிய சொல்லவும் தைரியம் வரல, நானும்தானே பூசினேன். அதனாலதான் அந்த வரியை எழுதினேன். தினமும் காலையில அந்த அறை முதலாளி முன்னாடி வந்து நிக்கட்டும்னு. அவர் பயந்து போய் ஒருநாள் உளறிடுவார்னு நினைச்சேன். 'நீ பண்றியாடா'ன்னு கேட்டார். 'எனக்கென்ன தெரியும், அண்ணன் வராரோ என்னவோ'ன்னேன். அவர் தினமும் அழிச்சார். அது தினமும் வந்துச்சு. ஆனா அண்ணியை அந்த நாற்காலியில கொண்டுவந்து உக்கார வெப்பார்னு நான் கனவுலயும் நினைக்கல சார். அண்ணி அதைத் திறந்து திறந்து பாக்கறதைப் பாத்தப்புறம், எடுக்கவும் மனசு வரல, விடவும் மனசு வரல."

"நானும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன் தம்பி."

சாப்பாட்டு அறையின் இருட்டிலிருந்து அவள் வந்தாள். கேமராக்காரர் ஆபீசிலிருந்து சொல்லாமல் கிளம்பியதைப் பார்த்துப் பின்னாலேயே வந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அவள் அழவில்லை. கேமராக்காரரின் முன்னால் நின்று அவர் தலையைப் பார்த்தாள். "தினமும் காலையில 'வணக்கம் அண்ணி'ன்னு சொன்னியே. அந்த வாய்க்கு இதையும் சொல்ல வந்திருக்கக் கூடாதா? ரெண்டு மாசமா அவரை நான் எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா? நாசமாப் போகட்டும்னுகூட ஒருநாள் சொல்லிட்டேன். அவர் இங்க கிடக்கறப்போ சொல்லியிருக்கேன்."

கேமராக்காரர் அவள் காலைத் தொடக் குனிந்தார். அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

நிதானத்தின் ஃபோன் அடித்தது. இன்ஸ்பெக்டர். முதலாளி தனியாகத்தான் இருந்தார், பிடித்துவிட்டோம் என்றார். ஜீப் வந்த சத்தம்கூட அவருக்குக் கேட்கவில்லையாம், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எதையோ அழித்துக்கொண்டிருந்தாராம். இந்தப் பக்கம் வருகிற ஜீப் இன்னும் வழியில் இருந்தது.

"நீங்க வெளிய வாங்கம்மா," என்றார் நிதானம். "அவங்க வந்து திறக்கட்டும். நீங்க பாக்க வேண்டாம்."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். தன் ஃபோனை எடுத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள், மறுபடியும் ஓய்ந்தது. ரேடியோவுக்கு ஃபோனைப் பிடுங்கித் தானே அந்தப் பக்கம் கத்த வேண்டும் போல் ஆத்திரம் வந்தது. அவள் விடவில்லை. கடைசியில் எடுத்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு இல்லை, மூச்சுச் சத்தம் மட்டும்.

"வெச்சுடாதீங்க அத்தை," என்றாள். "உங்க பையன் எங்கயும் ஓடல. யார்கூடவும் போகல. வேலைக்குத்தான் போனார் அத்தை. வேலைக்குப் போன இடத்துலயேதான் இருக்கார்."

அந்தப் பக்கம் முதலில் ஒரு முனகல். பிறகு அது பெரிதாகி, ஃபோனை விட்டு வெளியே எல்லோருக்கும் கேட்டது. அவள் காதிலிருந்து எடுக்காமல், அது அடங்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"எங்கம்மா இருக்கே நீ?" என்று கேட்டது கிழிந்துபோன குரல்.

"அவர் பக்கத்துலதான் இருக்கேன். நடுவுல ஒரு சுவர்தான்."

"நான் வரேன். இப்பவே வரேன். நான் வர்ற வரைக்கும் அவனைத் தனியா விட்டுடாதேம்மா."

"விட மாட்டேன் அத்தை."

ஃபோனை வைத்துவிட்டு அவள் அந்தப் புதுப் பூச்சில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். நிதானம் இன்னொரு முறை வெளியே கூப்பிடவில்லை.